விதி எழுதும் அறையில் ஒரு கோடை

நிதி ஒழுங்குமுறையைப் படிக்க விரும்புகிறவருக்குப் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் தாலுகாவைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைவது கடினம். எலக்ட்ரானிக் சிட்டியில் உலகம் முழுக்க வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் சந்தாபுரா, அத்திப்பள்ளித் தெருக்களில் நகைக்கடன் கிளைகள், அடகுக் கடைகள், ஏலச்சீட்டு, பெண்கள் சேர்ந்து வாங்கும் குழுக் கடன் எல்லாம் உண்டு. ஓசூர் பக்கத்திலேயே இருப்பதால் கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே நிறைய. இதே தாலுகாவில்தான் சர்ஜாபுரா அருகே அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும், சந்தாபுரா–ஆனேக்கல் சாலையில் அலையன்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பொருளியலும் சட்டமும் மேலாண்மையும் படிக்கும் பிள்ளைகள் கோடைப் பயிற்சிக்காக மும்பையைப் பார்க்கிறார்கள். அவர்கள் படிக்கப் போகும் விதிகள் வந்து இறங்கும் இடமோ விடுதிக்கு வெளியே இருக்கும் தெரு.

இத்தகைய பயிற்சிகளில் பெயர் பெற்றது ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சித் திட்டம். ஆண்டுக்கு அதிகபட்சம் 125 மாணவர்களை எடுக்கிறார்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பிக்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் நேர்காணல், ஏப்ரல் முதல் ஜூலைக்குள் அதிகபட்சம் மூன்று மாதம் பயிற்சி. உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய். வெளியூர் மாணவருக்கு ரயில் கட்டணம் தருகிறார்கள். தங்குமிடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சேரும்போது இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதன் பெரிய பலன் சான்றிதழ் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்பதை மாணவர் முதன்முதலாக உணர்வது அங்கேதான். குறுங்கடன் விதிகளையே எடுத்துக்கொள்வோம். 2010-ல் ஆந்திராவில் குழுக் கடன் வசூல் தொல்லையும் தற்கொலைகளும் பெரிய கொந்தளிப்பாகி, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த விதிகள், கடன் வாங்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்குக் கிராமத்தில் 60,000, நகரத்தில் 1,20,000 ரூபாய் என வரம்பு வைத்தன. வட்டிக்கு 26 விழுக்காடு உச்சவரம்பும் வைத்தன. 2022 ஏப்ரலில் அந்த ஏற்பாடே மாறியது. குடும்ப வருமான வரம்பு 3 லட்சமானது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றார்கள். வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, அதை நிறுவனங்களின் இயக்குநர் குழுவிடமே விட்டார்கள். கொள்ளை வட்டி கூடாது என்ற நிபந்தனை மட்டும் நின்றது.

வகுப்பில் இது ஒரு பக்கப் பாடம். விதி எழுதும் துறையின் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கோ வேறொன்று புலப்படும். எந்த விதியும் யாரோ ஒருவருக்கு நேர்ந்த துன்பத்திலிருந்து பிறக்கிறது. அதை மாற்றும்போது முந்தைய துன்பத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சுற்றறிக்கையின் ஒரு வாக்கியத்தை எழுதுகிறவர், அதில் ஓட்டை தேடப்போகும் வழக்கறிஞரையும், அதைத் தப்பாகப் படிக்கப்போகும் கிளை மேலாளரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கல்லூரி தருவதில்லை. பின்னாளில் அந்த மாணவர் வங்கியிலே வேலை செய்தாலும் செய்தித்தாளிலே எழுதினாலும் இது அவருடன் நிற்கும். இந்தக் காரணத்துக்காகவே கோடைப் பயிற்சி தொடர வேண்டும், பெருக வேண்டும் என்பேன்.

ஆனால் விதி பிறக்கும் இடத்தைக் காட்டும் பயிற்சி, அது போய்ச் சேரும் இடத்தைக் காட்டுவதில்லை.

ஆனேக்கல் பக்கத்து மாணவி ஒருத்தி. அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அவள் ஓர் ஒழுங்காற்று அலுவலகத்தில் கோடையைக் கழித்துவிட்டு வந்து என்னிடம் பேசினாள். 2022 விதிகளைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டாளாம்: குறுங்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது. நல்ல நோக்கத்தோடு எழுதிய வரி. “ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும் அம்மா மிஷின்லதான் இருப்பாங்க, சார். போனைக் கையில் எடுக்கவும் முடியாது. அப்போ வசூலுக்கு வர்றவர் எப்போ வருவார்?” என்று கேட்டாள். விதியை மதிக்கும் ஊழியர் கம்பெனி வாசலில் வந்து நிற்க வேண்டும்; அது அவமானம். இல்லையென்றால் இரவு வீட்டுக்கு வர வேண்டும், அது விதிமீறல். அவளுடைய வழிகாட்டி இந்தக் கேள்வியை மெச்சியிருக்கிறார். ஆனால் வெளியே போய் நாலு பேரைக் கேட்டு எழுத அந்தப் பயிற்சியில் இடமில்லை. அவள் அறிக்கை, ஏற்கெனவே வெளியான புள்ளிவிவரங்களைத் தொகுத்ததோடு முடிந்தது. என்னைக் கேட்டால் அந்த ஒரு கேள்விதான் அவள் கோடையின் மொத்த மதிப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாத ஏற்பாட்டைக் குறையுள்ளது என்றுதான் சொல்ல வேண்டும்.

இது சின்னக் குறை என்று தள்ள முடியாது. 2025 ஏப்ரல் 9 அன்று நகைக்கடனுக்கான வரைவு விதிகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. நகை யாருடையது என்பதற்கான ஆவணம், கடன் தருமுன் வருமானத்தை ஆராய்வது, வட்டியையும் சேர்த்து நகை மதிப்பில் 75 விழுக்காடு என்ற வரம்பு ஆகியவை அதில் இருந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. பாட்டி காலத்துச் சங்கிலிக்கு யாரிடம் ரசீது இருக்கிறது? பள்ளிக் கட்டணத்துக்காக அரைப் பவுன் வைக்கும் பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டால் அவள் எங்கே போவாள்? முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே மாத இறுதியில், 2 லட்சம் வரையிலான கடன்களுக்கு விலக்கு வேண்டுமென்று நிதியமைச்சகமே பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள் பெருமளவு தளர்ந்திருந்தன. இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 விழுக்காடு கடன் தரலாம். அந்தத் தொகை வரை விரிவான வருமான ஆய்வும் தேவையில்லை என்றானது.

வரைவை மக்கள் முன் வைத்ததும், எதிர்ப்பைக் கேட்டுத் திருத்தியதும் பாராட்டத்தக்கவை. ஆனால் அந்தக் கேள்விகள் கடிதங்களாகவும் போராட்டங்களாகவும் வரவேண்டிய தேவை என்ன? வரைவு வந்த ஏப்ரலும் இறுதி விதி வந்த ஜூனும் கோடைப் பயிற்சிக் காலத்துக்குள்தான் அடங்குகின்றன. சந்தாபுராவின் ஒரு நகைக்கடன் கிளையில் ஒரு வாரம் உட்கார்ந்த மாணவர் எவரும் இவற்றை முதல் நாளிலேயே கேட்டிருப்பார்.

இதைவிடப் பெரிய பாடத்தை ஓசூர் சாலை 2016-லேயே கற்பித்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. கார்மெண்ட்ஸில் ஐம்பத்தெட்டு வயதுவரை வேலை செய்கிற பெண் யார்? ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆடைத் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலை நின்றது. 19-ஆம் தேதியே அரசு பின்வாங்கியது. கணக்குப்படி அந்த விதி பிழையில்லை. முதுமைக்குப் பணம் சேர வேண்டும் என்பது சரியான எண்ணமும்கூட. வேலை விட்டதும் வீட்டு வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது என்பதை எழுதியவர் அறிந்திருக்கவில்லை.

இன்னொரு குறை, யாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பது. ரிசர்வ் வங்கித் திட்டம் பெரும்பாலும் முதுநிலை மாணவருக்கும் சட்ட மாணவருக்கும் உரியது. அரசுக் கல்லூரியில் பி.காம் படித்துவிட்டு நேரே வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. மாதம் 20,000 ரூபாய் மோசமான தொகையல்ல; கூலியே தராத பயிற்சிகள் மலிந்த நாட்டில் அது மதிப்புக்குரியது. ஆனால் மும்பையில் இடம் பிடிக்க முன்பணம் கொடுத்து, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் எடுத்தால் அதில் மிஞ்சுவது சொற்பம். வீட்டிலிருந்து கொஞ்சம் பணம் அனுப்ப முடிந்தவருக்கே அந்த மூன்று மாதம் சாத்தியம். விதிகளால் அதிகம் பாதிக்கப்படும் குடும்பத்துப் பிள்ளைகள் விதி எழுதும் அறைக்குள் வராமல் போவது இப்படித்தான்.

இரகசிய உறுதிமொழியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வங்கியின் நிலைமை வெளியே கசிந்தால் மறுநாள் வாசலில் கூட்டம் நிற்கும். ஆனாலும் இரகசியத் தகவல் எதுவும் இல்லாத மாணவர் அறிக்கைகளை, ஓராண்டு கழித்தாவது பொதுவில் வைக்கலாம். அடுத்த ஆண்டு வருகிறவர் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

மாணவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத அலுவலகங்களும் உண்டு. 1982-ஆம் ஆண்டு சிட்பண்டுச் சட்டத்தின்படி சீட்டுகளை மேற்பார்வையிடுவது மாநிலப் பதிவாளர். கூட்டுறவுச் சங்கங்களும், அடகுக் கடைகளின் உரிமமும் மாநில அரசின் கையில். 2019-ல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்த மாதிரி மோசடிகளை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க, ரிசர்வ் வங்கி, காவல்துறை, மாநிலத் துறைகள் கூடும் மாநில ஒருங்கிணைப்புக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கோடைப் பயிற்சி இந்த அலுவலகங்களிலிருந்து தொடங்கினால் மாணவர் கற்பது பலமடங்கு கூடும். 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு வசூல் கொடுமைக்கு எதிராகப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்ததே, அதைக் காவல் நிலையத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டாயக் களப்பணியாக்க வேண்டும். நிருபதுங்கா சாலையிலுள்ள ரிசர்வ் வங்கியின் பெங்களூரு அலுவலகத்தில் சேருகிற மாணவரை ஆனேக்கலுக்கு அனுப்ப ஒரு பேருந்துக் கட்டணம் போதும். தமிழும் கன்னடமும் தெரிந்த இளநிலை மாணவர்களுக்குச் சில இடங்களைத் தனியே ஒதுக்க வேண்டும். புகார் கொடுக்க வருகிறவர் பேசுவது அந்த மொழிகளில்தான். தங்குமிடத்தையும் பயிற்சி தரும் அமைப்பே தர வேண்டும்.

இந்த அக்டோபரில் விண்ணப்பிக்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலுக்குப் போகுமுன் உங்கள் தெருவில் குழுக் கடன் வாங்கிய ஒருவரிடம் அவருடைய தவணை அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வட்டி எவ்வளவு, எத்தனை மணிக்கு வசூலுக்கு வருகிறார்கள், புகார் செய்ய வழிகாட்டும் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள். அந்தக் கேள்விகளோடு உள்ளே போங்கள்.