எழுதி முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்த படம்

இன்ஸ்டாகிராமின் தொடக்க கால வெற்றியை ஃபில்டர்களின் கணக்கில் எழுதுவதே வழக்கமாகிவிட்டது. கைப்பேசிக் கேமராவின் மங்கலான படத்துக்கு ஒரே தொடுதலில் நிறமும் நிழலும் ஏற்றித் தந்த அந்த வசதி கண்ணுக்கு நேரே தெரிந்தது என்பதால் பாராட்டும் அதற்கே போயிற்று. ஆனால் 2010 அக்டோபர் 6 அன்று ஐஃபோனில் அறிமுகமாகி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மெருகேறிய அச்செயலியின் வேலைப்பாட்டை நுணுகிப் பார்ப்பவருக்கு, அதன் உச்சம் ஃபில்டர் பக்கத்தில் இல்லை என்பதும், அதற்கு அடுத்து வந்த, பெரும்பாலோர் ஒரு பொருட்டாகவே கருதாத, படத்துக்கு இரண்டு வரி எழுதும் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதும் விளங்கும்.

பயனர் ஃபில்டரைத் தேர்ந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்த கணமே, பகிரும் பொத்தானை அவர் இன்னும் தொடாத நிலையிலேயே, படம் சர்வருக்கு, அதாவது நிறுவனத்தின் மையக் கணினிக்கு, ஓசையின்றி ஏறத் தொடங்கிவிடும். அவர் வாசகத்தை யோசித்து, எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, இடத்தின் பெயரையும் சேர்த்து முடிப்பதற்குள் படம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசியில் பொத்தானைத் தொடும்போது எஞ்சியிருப்பது அந்தச் சில சொற்களை அனுப்பும் வேலை மட்டுமே. மனம் மாறி அவர் பின்வாங்கினால் ஏற்றிய படம் வீண்தான். அந்த வீணைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். நிறுவனர் இருவருள் ஒருவரான மைக் கிரீகர், 2011இல் ஆற்றிய ஓர் உரையில், யாரும் கவனிக்காத நேரத்தில் தரவை நகர்த்திவிடுவதைத் தங்கள் வடிவமைப்புக் கோட்பாடுகளுள் ஒன்றாகவே விளக்கினார். 3ஜி இணைப்பில் ஒரு படம் ஏறுவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும் அக்காலத்தில், அதே கைப்பேசியில், அதே இணைப்பில், பிற செயலிகள் திணற இது மட்டும் பறப்பதாகத் தோன்றியது. உண்மையில் ஒரு துளித் தரவுகூடக் கூடுதல் வேகத்தில் செல்லவில்லை. காத்திருப்பு வேறொரு வேலையின் அடியில் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்த உத்தி தனித்து நிற்கவில்லை என்பதே அதன் அழகு. வாசகத்துக்கு முன்பே ஃபில்டர் வந்துவிட்டதால், எழுதத் தொடங்கும்போது படத்தின் இறுதி வடிவம் முடிவாகியிருந்தது. பக்கங்களின் வரிசை மாறியிருந்தால் எதை அனுப்புவது என்றே செயலிக்குத் தெரிந்திருக்காது. படத்தின் அளவும், திரையின் மிகச் சிறிய ஒளிப்புள்ளியான பிக்ஸலின் கணக்கில், 612க்கு 612 என்று இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்ததால் அனுப்பவேண்டிய சுமை குறைந்தது. மற்றொரு நிறுவனரான கெவின் சிஸ்ட்ரம் மாணவராக இத்தாலியின் ஃபிளாரன்ஸில் தங்கியிருந்தபோது பழகிய ஹோல்கா என்னும் மலிவான பிளாஸ்டிக் கேமராவே சதுர வடிவத்துக்கு வேர் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அழகியல் பேசுவோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அந்தச் சதுரம் சுமையையும் குறைத்தது என்பதை ஏனோ யாரும் பாடுவதில்லை. லைக்கிலும் இதே மனப்பாங்கைக் காணலாம். படத்தை இருமுறை தட்டியதும் அதன் நடுவே வெள்ளை இதயம் மலர்ந்து மறையும். சர்வர் அதைப் பதிந்துகொண்டதா என்ற பதிலுக்குத் திரை காத்திருப்பதில்லை. பதிவாகிவிடும் என்று நம்பி முடிவை முதலில் காட்டிவிட்டு வேலையைப் பின்னர் முடிப்பதை வடிவமைப்பாளர்கள் ஆப்டிமிஸ்டிக் அப்டேட் என்பார்கள். இன்று எல்லாச் செயலிகளிலும் மலிந்துவிட்ட இப்பழக்கம் அன்று அத்தனை சாதாரணமானதல்ல.

ஹிப்ஸ்டமாட்டிக் என்னும் படச் செயலியின் ரசிகர்கள் இன்ஸ்டாகிராமுக்குத் தரும் இந்தப் பாராட்டை ஏற்கமாட்டார்கள். 2009 டிசம்பரில் வந்த அச்செயலி, படம் எடுப்பதற்கு முன்பே லென்ஸையும் ஃபிலிமையும் தேர்ந்தெடுக்கச் செய்து, பழைய கேமராவின் துணிச்சலைத் திருப்பித் தந்தது என்பது அவர்கள் வாதம். அது நியாயமானதே, எனினும் எடுத்த படத்தை நண்பரிடம் சேர்ப்பதை அச்செயலி தன் கலையின் மையமாகக் கருதவில்லை. ஃப்ளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்தின் பழைய அன்பர்களோ, படத்தின் மீதே ஒரு பெட்டி வரைந்து அதனுள் குறிப்பு எழுத 2004இலிருந்தே இருந்த வசதியைச் சுட்டுவார்கள். உரையாடலைப் படத்துக்குள்ளேயே கொண்டுசென்ற அந்த நுட்பத்துக்கு ஈடானது பின்னர் வரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது மேசைக் கணினியின் முன் நிதானமாக அமர்ந்திருப்பவருக்கான நாகரிகம். பேருந்தில் நின்றபடி ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்திருப்பவரை அது எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அந்த ஒற்றைக் கையை இன்ஸ்டாகிராம் எண்ணிப் பார்த்ததற்குச் சான்று, திரையின் அடியிலிருந்த ஐந்து பொத்தான்களின் நடுவே, கட்டைவிரல் தானாகச் சென்று விழும் இடத்தில், கேமரா அமர்ந்திருந்ததாகும். படம் எடுப்பவரே இங்கு முதன்மையானவர் என்பதை அறிவிக்க அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பின்னாளில் வந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் பழிப்பது நேர்மையாகாது: 2015 ஆகஸ்டில் சதுரக் கட்டாயம் தளர்ந்தபோது தூய்மைவாதிகள் வருந்தினாலும், நீள்படங்களைப் புகுத்த இருபுறமும் வெள்ளைப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு அது விடுதலையே. 2016இல் பதிவுகள் நேர வரிசையை இழந்து, பயனர் எதை விரும்பக்கூடும் என்று கணிக்கும் நிரலின் விருப்பப்படி அடுக்கப்பட்டது அப்படிப்பட்டதல்ல. 2018 செப்டம்பரில் சிஸ்ட்ரமும் கிரீகரும் விலகினர். 2020 நவம்பரில், படம் பதிவிடும் பொத்தான் அடிவரிசையிலிருந்து மேல்மூலைக்குத் துரத்தப்பட்டு, அதன் வரிசையில் ரீல்ஸ் என்னும் குறுங்காணொளிகளும் கடையும் குடியேறின; விரல் பத்தாண்டுகளாகப் பழகிய இடத்தில் அன்று வேறொருவரின் காணொளி வந்து அமர்ந்தது.

இதில் உறுத்துவது திறமைக் குறைவல்ல. பயனருக்கு ஓரடி முன்னே சென்று வேலையை முடித்துவைக்கும் பழைய கைவண்ணம் இன்றும் அப்படியே இருக்கிறது. விரல் மேலே தள்ளுவதற்குள் அடுத்த ரீல் தயாராகித் தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. அன்று செயலி முந்திக்கொண்டு செய்தது, பயனர் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்ட காரியத்தை. இன்று முந்திக்கொண்டு செய்வது, அவர் இன்னும் நினைத்தே பாராத காரியத்தை. 2022 மார்ச்சில் நேர வரிசை திரும்ப வந்ததாக அறிவித்தபோது பழைய ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது முகப்பிலுள்ள செயலியின் பெயரைத் தட்டி, விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டிய தனிப் பக்கமாக வந்தது. அதையே நிலையான முகப்பாக வைத்துக்கொள்ள வழி தரவில்லை. படம் ஏறும் சில நொடிகளைக்கூட மிச்சப்படுத்தித் தந்த செயலி, நண்பர்களின் படங்களை நாள்வாரியாகப் பார்க்க விரும்பியவரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்கச் சொன்னது.