ஆர்வெல் விரட்டிய பிரெஞ்சுச் சொற்கள்

தெளிவா எழுதணும்னு மாணவர்களுக்குச் சொல்லும்போது பலரும் காட்டும் கட்டுரை, ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’. இன்றைக்கும் பயன்படுகிற கட்டுரைதான். ஆனால், அயல் தொடர்களைப் பற்றி அவர் சொல்லும் பகுதியைக் கொஞ்சம் நின்று படிக்கணும்.

‘கல்-டி-சாக்’, ‘ஆன்சியான் ரெஜீம்’ ஆகிய பிரெஞ்சுத் தொடர்களைப் பகட்டுக்காகச் சேர்க்கும் சொற்களின் பட்டியலில் வைக்கிறார் ஆர்வெல். அன்றாட ஆங்கிலச் சொல் இருந்தால் அயல் தொடர் வேண்டாம் என்பது அவருடைய ஆறு விதிகளில் ஒன்று.

விதி சரி, பட்டியல்தான் இடிக்குது. ‘ஆன்சியான் ரெஜீம்’ 1789 புரட்சிக்கு முந்தைய பிரான்ஸின் ஆட்சிமுறையைக் குறிக்கும் வரலாற்றுச் சொல். ‘பழைய ஆட்சி’ என்றால் எந்த ஆட்சி என்ற கேள்வி வரும். ‘கல்-டி-சாக்’ இன்று முட்டுச்சந்தில் குடியிருப்பவர் சாதாரணமாகச் சொல்லும் சொல். அதில் என்ன பகட்டு?

குடியேறிய சொல் தாய்மொழியை மறந்தே போகும். கச்சேரி முடிந்ததும் ஆங்கிலேயர் ‘ஆன்கோர்’ என்று கத்துவார்கள். பிரெஞ்சுக்காரர் கேட்பதோ ‘பிஸ்’. ‘ஆன்ட்ரே’ பிரான்ஸில் முதலில் வரும் உணவு, அமெரிக்காவில் முக்கிய உணவு. அழைப்பிதழில் வரும் ‘ஆர்.எஸ்.வி.பி.’க்குள்ளேயே ‘தயவுசெய்து’ இருக்கு. அது தெரியாமல் முன்னால் ஒரு ‘பிளீஸ்’ போடுகிறோம். பிரெஞ்சு என்ற நினைப்பே இல்லாத இடத்தில் பகட்டு எப்படி வரும்? அதேசமயம், ‘நோக்கம்’ என்றாலே போதுமான இடத்தில் ‘ரெசோன் டெட்ர’ என்று எழுதினால் ஆர்வெலின் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும்.

அவருடைய 1933 நூலையே பாருங்கள். பாரிஸ் ஹோட்டலில் பாத்திரம் கழுவிய அனுபவத்தை எழுதும்போது ‘ப்ளோன்ஷர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லையே நூல் நெடுகப் பயன்படுத்துகிறார். அந்த நிலவறைச் சமையலறையில் அது ஒரு வேலையின் பெயர் மட்டுமல்ல, கடைசிப் படியில் நிற்பவனின் தகுதியும் கூட. ஆங்கிலச் சொல் அந்தப் பாரத்தைத் தாங்காது. தேவைப்பட்டால் விதியை மீறலாம் என்று ஆறாவது விதியில் அவரே வழிவிட்டிருக்கிறார். அந்தச் சலுகை பட்டியலுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் குறை.

கட்டுரை திருத்தும் நமக்கும் இது முக்கியம். ‘ஜன்னல்’, ‘சாவி’ இரண்டும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. அவற்றை நாம் சிவப்பு மையால் அடிப்பதில்லை. மாணவர் எழுதும் புதிய கடன்சொல்லுக்கும் அதே நியாயம் வேண்டும். அடிக்கும் முன், மாற்றுச் சொல்லை அதே வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் குறையாவிட்டால் மாற்றட்டும். குறைந்தால், என்ன குறைந்தது என்று மாணவரே சொல்லட்டும்.