சுருதி நகரும்போது: அகமதாபாத் ஒலிநாடாக்களைக் கேட்டல்

மின்னணு இசை என்றாலே நம்மாட்களுக்கு ரெண்டு இடம்தான் ஞாபகம் வரும். ஒன்று கல்யாண வீட்டு கீபோர்டு, இன்னொன்று பேய்ப்படம். இந்த ரெண்டுக்கும் வெளியே, பாட்டுக்குத் துணையாக வராமல் தனியே நிற்கிற ஒரு மின்னணு இசை 1969-லேயே இந்தியாவில் தொடங்கியிருக்கிறது. அதைப் பற்றியது இந்தக் குறிப்பு.

இடம் அகமதாபாத், தேசிய வடிவமைப்பு நிறுவனம். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் 1969-ல் அங்கே வந்து, ஒரு மூக் சிந்தசைசரையும் டேப் கருவிகளையும் வைத்து ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். பக்வாஜ் வாசித்தவர். 1946-ல் நியூயார்க் போய் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையைக் கற்றவர். 1972 வரை அங்கே பதிவானவை பல வருஷம் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்கஸ் அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்தார். 2023-ல் ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ என்று ஆல்பமாக வந்தது. பர்கஸும் ‘எம்ப்டிசெட்’ என்ற இருவர் குழுவில் இருட்டான, கனத்த மின்னணு இசை செய்கிறவர்தான்.

போன மாசம் ஒரு சாயங்காலம் குளச்சலில் எங்கள் மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்து இதை முழுசாகக் கேட்டோம். எஸ்.சி. சர்மாவின் ‘ஆஃப்டர் தி வார்’ ஓடும்போது ஒரு நண்பர் சொன்னார்: “மக்கா, இது பேய்ப்படத்துக்க மியூசிக்லா.” சிரித்தோம். ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

தம்புராவும் ஒரே ஒலியின் நீட்சிதான். அது நமக்குத் தைரியம் தருகிறது, காரணம் ஸட்ஜம் அசையாது. பாடகர் எங்கே போனாலும் திரும்பி வர ஒரு வீடு உண்டு. மூக்கில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த வோல்டேஜை மெள்ள நகர்த்தினால் ஸட்ஜமே நகரும். வீடு நகர்ந்தால் பயம் வராதா?

இது நம் ஊர்க் காதுக்குப் புதுசும் இல்லை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் தோல் இறுகி ஒலி ஏறும், விட்டால் இறங்கும். மூக்கில் வோல்டேஜ் செய்கிற வேலையை இங்கே கை செய்கிறது. சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அந்த ஒலி முதுகுத்தண்டில் இறங்குவதை நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆனால் அங்கே பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது, சாமி வரும், விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அகமதாபாத் இசையில் கதையும் இல்லை, சாமியும் இல்லை. வெறும் ஒலியோடு நம்மைத் தனியே உட்கார வைக்கிறது. கஷ்டம் அதுதான், அதன் பெருமையும் அதுதான்.

எல்லாமே நல்ல இசை என்று சொல்ல மாட்டேன். சில பதிவுகள், புதுக் கருவி கையில் கிடைத்ததும் நாங்கள் எழுதிப் பார்க்கிற டெஸ்ட் புரோகிராம் மாதிரி. குமிழைத் திருகினால் என்ன ஆகும் என்ற ஆர்வத்தைத் தாண்டிப் போவதில்லை. ஐ.எஸ். மாத்தூரின் ‘மை பேர்ட்ஸ்’ ரசிக்கும்படி இருக்கிறது, ஆனால் ‘பறவை மாதிரியே இருக்கே’ என்பதோடு முடிந்துவிடுகிறது. மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ எதையும் நகலெடுக்கப் பார்க்காததால் இன்னும் தூரம் போகிறது.

சர்மாவின் ‘டான்ஸ் மியூசிக்’ வரிசையைக் கேட்டதும் ‘டெக்னோவுக்கு இந்திய முன்னோடி’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை. முன்னோடி என்றால் பின்னால் யாராவது வந்திருக்க வேண்டும். இந்த நாடாக்கள் அலமாரியில் இருந்த காலத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவர் யார்? தமிழில் மின்னணு ஒலி பரவலாகக் காதில் விழுந்தது சினிமா வழியாக. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியை வைத்துச் செய்தது அற்புதம், ஆனால் அங்கே ஒலி காட்சிக்கும் பாட்டுக்கும் கட்டுப்பட்டது. அதனால்தான் கட்டில்லாத ஒலி வந்ததும் நமக்குப் பேய் ஞாபகம் வருகிறது. அகமதாபாத்தில் நாம் இழந்தது ஒரு எந்திரத்தை இல்லை. அந்த எந்திரம் அன்றே இங்கே வந்துவிட்டது. கேட்கிற பழக்கம்தான் வராமல் போயிற்று. உடுக்கைக்குக் கொடை ராத்திரி இருப்பது மாதிரி, இந்த இசைக்கென்று ஒரு ராத்திரி நமக்கு அமையவில்லை.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடி ஒலி முழுக்க அறுந்துபோகும். நல்ல ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ‘ஆஃப்டர் தி வார்’ பதிவிலிருந்து தொடங்குங்கள். பயம் வந்தால் வரட்டும், பாதியில் நிறுத்தாதீர்கள்.