தணிகிற வெளிச்சம்

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் இப்போது எழும்புகிற புது வீடுகளில் பகல் நேரம் விளக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைச் சீலிங்கில் உள்ளங்கை அகலத்தில் சில வட்டங்கள் தெரியும், அவ்வளவுதான். 1990 இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள், 2009 க்குப் பிறகு இராணுவத்திடமிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுபட விடுபட, திரும்பி வந்து அத்திவாரத்திலிருந்து கட்டிய வீடுகள் இவை. பழைய சுவர் ஒன்றுகூட மிஞ்சாத வளவுகளில் வயரிங்கும் முதலாவது கம்பியிலிருந்தே தொடங்குகிறது. எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஆறுதலாக யோசிக்க இப்படி ஒரு வாய்ப்பு எல்லா ஊருக்கும் வாய்க்காது. பெரும்பாலானவர்கள் அதை வரிசைக்கு நாலு என்று சீலிங் முழுக்க அடுக்குவதில் தீர்த்துவிடுகிறார்கள். இரவு ஏழு மணிக்குக் காங்கேசன்துறை வீதியால் வந்தால் பல விறாந்தைகள் மருந்துக்கடை மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டில் கறண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியுமாகச் செய்த சிக்கன விளக்கின் முன்னால் குனிந்து படித்துச் சோதனை எழுதிய தலைமுறை இன்று வீடு கட்டுகிறது. அது வெளிச்சத்தை அள்ளி ஊற்றிக்கொண்டால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் வெளிச்சத்தைக் கையால் அளந்து கொடுக்கும் பழக்கமும் இதே தலைமுறையிடம்தான் இருந்தது. அரிக்கன் லாம்பின் பக்கத்துத் திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் திரி இறங்கும், சுவாலை தணியும். சாப்பாட்டுக்கு ஒரு அளவு, பிள்ளைகள் படிக்க ஒரு அளவு, படுக்கும்போது ஒரு அளவு. கூட்டிக் குறைக்கக்கூடிய சீலிங் விளக்குகளை நான் விரும்புவது அந்தத் திருகு திரும்பவும் சுவருக்கு வந்திருப்பதால்தான்.

கடையில் எல்லோரும் கேட்பது, "தம்பி, இது எத்தனை வாற்?" என்று. முழு வெளிச்சத்தில் எல்லா விளக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்நூறு ரூபாய் விளக்கும் ஐயாயிரம் ரூபாய் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால் அவசரக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. திருகைக் குறைத்துக்கொண்டு போகும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். ஒன்று பாதி வழியிலேயே துடிக்கத் தொடங்கும். இன்னொன்று மெல்ல இரையும். வேறொன்று ஓரளவுக்கு மேல் இறங்காமல் நிற்கும், பிறகு ஒரேயடியாக அணைந்துபோகும். நல்ல விளக்கு கடைசி வரை நடுங்காமல் இறங்கி, இருக்கிறதா இல்லையா என்ற எல்லையில் நின்று, அங்கிருந்து திரும்ப ஏற்றும்போது துள்ளாமல் எழும்பும். அந்தக் கடைசி இரண்டு விரற்கடைத் திருப்பத்துக்குத்தான் கூடுதல் காசு.

பெட்டியில் "பத்து வீதம் வரை குறைக்கலாம்" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. கருவி அளக்கிற பத்து வீதம் கண்ணுக்குப் பத்து வீதமாகத் தெரியாது. கண்மணி விரிந்து ஈடுசெய்துவிடும். முழு வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்கு இன்னும் எரிகிறது போலத்தான் இருக்கும். நடுச்சாமத்தில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறவருக்கு அது அதிகம். ஒரு வீதம் வரை இறங்குகிற விளக்குத்தான் இரவுக்கு உதவும்.

அடுத்தது நிறம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. எண்ணெய் விளக்கின் ஒளி, நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில், ஏறக்குறைய 1,900. பழைய கம்பிக் குமிழ் 2,700 அளவில் எரியும். அதற்குக் கறண்டைக் குறைத்தால் கம்பி சூடு தணிந்து சிவந்துகொண்டே போகும். குறைந்த வெளிச்சம் என்றால் சிவந்த வெளிச்சம் என்று மனிதக் கண் இப்படிப் பழகிவிட்டது. சாதாரண எல்.ஈ.டி.க்கு இந்தப் பழக்கம் தெரியாது. 3,000 கெல்வினில் தொடங்கினால் எவ்வளவு குறைத்தாலும் 3,000 தான். வெளிச்சம் குறையும், நிறம் நிற்கும், அறை சாம்பல் பூத்துப்போகும். குறைந்த ஒளியில் வெண்மையான நிறம் கண்ணுக்கு உவப்பாக இராது என்று ஒல்லாந்துக்காரரான குரூய்தொவ் 1941 இலேயே எழுதினார். எது உவக்கும், எது உவக்காது என்று அவர் வகுத்த எல்லைக்கோடுகளைப் பின்வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் சாம்பல் பூத்த அறையில் ஒருமுறை இருந்து பார்த்தவர் அவர் பக்கம்தான் நிற்பார். இதற்கு மாற்றாக, ஒரே விளக்குக்குள் இரண்டு நிறச் சில்லுகளை வைத்து, குறைக்கக் குறைக்க 3,000 இலிருந்து 1,800 வரை சிவந்து இறங்கும்படி செய்த வகை இப்போது கிடைக்கிறது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயில் மூலஸ்தானத்தின் விளக்கொளிக்குப் பழகிய கண்ணுக்கு அந்த இறக்கத்தின் முடிவில் வருகிற நிறம் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஒரேயொரு இடத்துக்குத்தான் இந்த வகை விளக்கின் விலை கட்டுப்படியாகும் என்றால் சாமியறைக்குப் போடுங்கள். குத்துவிளக்கின் வெளிச்சமும் சீலிங்கின் வெளிச்சமும் சண்டை பிடிக்காமல் ஒன்றாகிவிடும்.

நிறத்தைக் காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளி கொடுப்பார்கள். எண்பது என்றால் பரவாயில்லை, தொண்ணூறு என்றால் நல்லது என்பது பேச்சு. அந்தப் புள்ளி எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அதற்குள் சேரவே இல்லை. அதை ஒன்பதாவது நிறமாகத் தனியே சோதிக்கிறார்கள். நம் வீடுகளிலோ சிவப்புத்தான் ஆட்சி. கூறைச்சேலை, குங்குமம், தனி மிளகாய்த்தூளில் கொதித்த ஆட்டிறைச்சிக் கறி, வாசற்படியில் பிள்ளைகள் பதித்துவிட்டுப் போகும் வலிகாமத்துச் செம்பாட்டு மண் அடி. ஒன்பதாவது நிறத்தில் தோற்ற விளக்கின் கீழே கறி களிமண்ணாகிவிடும். கூறையின் அரக்குச் சிவப்பு மங்கிப்போகும். பிழை சேலையில் என்று பழியும் போடுவார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே மட்டுமாவது அந்த ஒன்பதாவது எண் ஐம்பதுக்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கதிரின் அகலமும் அவ்வளவு ருசியான விசயம். பத்தடிச் சீலிங்கிலிருந்து மேசை மட்டத்துக்கு ஏழரை அடி என்று வைத்தால், 24 பாகைக் கதிர் மேசையில் ஒரு மீற்றர் வட்டம் போடும். 36 பாகை ஒன்றரை மீற்றர். 60 பாகை இரண்டரை மீற்றருக்குச் சற்று மேலே. நாலு பேர் இருக்கும் மேசைக்கு 36 போதும். விளிம்பில் வெளிச்சம் தேய்ந்து முடியுமிடம் மெத்தென்று இருக்க வேண்டும்; கத்தியால் வெட்டியது போல் நின்றால் உள்ளே இருக்கிற வில்லை மலிவானது. சுவரோடு ஒட்டிப் போட்டால் மேசனின் கைத்தடம் அத்தனையும் நிழலாக எழும்பும். சாந்து நன்றாக இழுத்த சுவர் என்றால் அதுவே அழகு. இல்லையென்றால் இரண்டரை அடி தள்ளிப் போடுவதுதான் மேசனுக்கும் மரியாதை.

சாய்மனைக் கதிரையில் மல்லாந்து கிடக்கும் அப்பப்பாவை மறக்க வேண்டாம். அவர் பார்க்கிற திசை சீலிங்தான். மேலோட்டமாகப் பதித்த தட்டை விளக்கு அவர் கண்ணுக்குள் நேரே இறங்கும். ஒளிச்சில்லு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, அதைச் சுற்றிக் கறுப்புக் கிண்ணம் வைத்த வகை உண்டு. அதன் கீழே நின்றால் வெளிச்சம் வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. இந்த மறைவுக்காகத்தானே சீலிங்கில் துளையே போடுகிறோம்.

சீலிங்குக்கு மேலே என்ன நடக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே பகல் வெக்கை பொழுதுபட்ட பிறகும் நெடுநேரம் தங்கும். விளக்கை ஓட்டுகிற சிறு பெட்டியில் உள்ள மின்தேக்கிக்குப் பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னியல்காரர் வாய்ப்பாடு. எலியும் அணிலும் வயரைக் கொறிக்கும். மாரி தொடங்கினால் ஈசல் திறந்த விளக்குக்குள் விழுந்து காயும். முன்னால் கண்ணாடி மூடிய வகை விறாந்தைக்கு நல்லது. கொங்கிறீற் கூரை என்றால் வார்க்கும் முன்பே பெட்டியும் குழாயும் வைக்க வேண்டும். அல்லது கீழே ஜிப்சம் சீலிங் அடிக்க வேண்டும்.

விளக்கு எவ்வளவு நல்லதானாலும் சுவரில் இருக்கும் அந்தத் திருகு, அதாவது டிம்மர், பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். பழைய டிம்மர் பல, அறுபது வாற்றுக்குக் குறைந்த பாரத்தைப் பார்த்தால் தடுமாறும். ஏழு வாற் விளக்கு ஆறு போட்டாலும் 42 தான் வரும். எல்.ஈ.டி.க்கென்று செய்த, அலையின் பின்விளிம்பை வெட்டுகிற டிம்மர் இரையாமல் இறங்கும். ஃபான் ரெகுலேற்றரை இதற்குப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கறண்ட் வெட்டிய நாட்களுக்குப் பிறகு இன்வேட்டர் வைத்த வீடுகள் கூடிவிட்டன. தூய சைன் அலை தராத இன்வேட்டரில் டிம்மர் விளக்குகள் துடிக்கும்.

வாங்கப் போகும்போது உங்கள் வீட்டில் பூட்டப் போகிற அதே டிம்மரைக் கடையிலேயே கொழுவச் சொல்லுங்கள். கையோடு ஒரு சிவப்புத் துணி கொண்டுபோங்கள். விளக்கைக் கடைசிவரை இறக்கி, கைபேசிக் கமராவால் பாருங்கள்; திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது, வைத்துவிடுங்கள். கொழுவிக் காட்ட மனமில்லாத கடையில் காசு கொடுக்க வேண்டாம். வீடு இன்னும் சாந்து பூசாமல் நிற்கிறது என்றால், விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே வயரிங் செய்கிற தம்பியிடம் இரண்டு விசயம் சொல்லிவிடுங்கள்: சுவிச்சுப் பெட்டியை ஆழமாக வைக்க வேண்டும், அதற்குள் நியூற்றல் வயரும் ஒன்று வர வேண்டும். சுவரைப் பூசி முடித்த பிறகு இந்த இரண்டையும் செய்வதென்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.