சுங்கை பூலோ சாலையின் முன்வரிசை

கோலா சிலாங்கூர் பக்கம் பிறந்தவர்களுக்கு 54ஆம் எண் கூட்டரசுச் சாலை சொந்த வீட்டு வாசல் மாதிரி. ஈஜோக்கைத் தாண்டி, பாயா ஜெராஸைத் தாண்டி, சுங்கை பூலோ வழியாகத் தலைநகருக்கு வருகிற சாலை அது. 2011இல் லாதார் நெடுஞ்சாலை திறந்த பிறகு அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நிதானமாக வருகிறவர்கள் இன்றும் பழைய சாலையில்தான் வருகிறார்கள். வழியில் சுங்கை பூலோ மருத்துவமனைப் பக்கம் திரும்பினால் செடிக்கடைகள் வரிசையாகத் தொடங்கும். காகிதப்பூ, ஆர்க்கிட், செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று, கறுப்பு பாலிபேக்கில் வேர்பிடித்த மாங்கன்று. அங்கிருந்து காரில் சிறிது நேரத்தில் சுங்கை பூலோ ரயில் நிலையம். 1995இல் கொமுட்டர் வந்தது. 2016 டிசம்பரில் எம்ஆர்டி வந்தது.

இந்தச் சாலையைப் படமெடுக்காதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பூந்தொட்டி வாங்க வந்தவர், நிலையத்தில் இறங்கிய மாணவர், பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து ‘அன்றும் இன்றும்’ என்று போடுகிறவர் என எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நம் சமூகத்தின் வட்டார வரலாற்றில் பெரும்பகுதி இப்போது இப்படித்தான் சேர்கிறது. ஆகவே இந்தப் பழக்கம் எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கைவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பலம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செடிக்கடையில் நான் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இளஞ்சிவப்புக் காகிதப்பூவுக்காக எடுத்தேன். அண்மையில் அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது பூவை விட்டு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அட்டையில் கையால் எழுதிய விலை, மூன்று செடி பத்து வெள்ளி. பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சிறிய பழைய வீடு. இடது ஓரத்தில், படத்துக்குள் பாதி மட்டும் விழுந்த ஒரு முதியவரின் கை. தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கிறது. விரல்கள் உள்நோக்கி மடங்கி, இரண்டு விரல்கள் நுனியில்லாமல் இருக்கின்றன.

அந்தக் கைதான் அந்தச் சாலையின் வரலாறு. சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்க அதிகாரம் தந்திருந்தது. டாக்டர் டிராவர்ஸ் போன்றவர்கள் அவர்களைச் சிறைக்கூடத்தில் அடைப்பதை எதிர்த்து, சிறு சிறு வீடுகளும் மரங்களும் நிலமும் உள்ள தோட்ட நகரமாக அதை அமைக்க வாதாடினார்கள். நோய்க்கு மருந்து வந்தது, பலர் குணமானார்கள். வெளியுலகம் அவர்களைத் திரும்ப ஏற்கத் தயங்கியது. வேலை கொடுக்க ஆளில்லாத இடத்தில் அவர்கள் மண்ணைக் கிளறிச் செடி வளர்த்தார்கள், விற்றார்கள். இன்று நாம் காரை ஓரம் நிறுத்திப் பேரம் பேசுகிற செடிக்கடைகள் அப்படி முளைத்தவை.

ஒரு பூவுக்காக எடுத்த படம் இத்தனையையும் தன்னுள் வைத்திருந்தது. எடுக்கிறவர் நினைக்காததையும் படம் வாங்கிக்கொள்ளும். எழுத்தில் அது நடக்காது. எழுதுகிறவர் கவனிக்காததை எழுத்து சொல்லாது. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டன. அந்த வீடுகளின் சன்னலும் திண்ணையும் எப்படி இருந்தன என்று காட்ட இன்று படங்களே மிஞ்சியிருக்கின்றன. மிச்சப் பகுதி 2019இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது. இந்தப் பலத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்தக் கைக்கு உரியவர் பெயர் என்னிடம் இல்லை. நான் கேட்கவில்லை. அவர் தமிழரா, சீனரா, எந்த ஊரிலிருந்து எந்த வயதில் அங்கே கொண்டுவரப்பட்டார் என்று எதுவும் படத்தில் இல்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இந்தப் பழக்கத்தின் முதன்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன். சாலையில் நின்று எடுக்கும் படம் முன்வரிசையை மட்டுமே காட்டும். கூகிள் தெருக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காரின் கூரைமேல் கம்பத்தில் நின்ற கேமரா கடைக்குக் கடை, பலகைக்குப் பலகை பதிவு செய்துகொண்டு போகிறது. பழைய ஆண்டுப் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் முகங்கள் மங்கலாக்கப்பட்டிருக்கும். அந்தரங்கத்துக்கு அது தேவையும்கூட. அந்தக் கார் பெரும்பாலும் பொதுச்சாலையோடு நின்றுவிடும். தோட்டத்துச் செம்மண் பாதைக்குள், லயத்துக்குப் பின்னால் இருக்கிற காளி கோயிலுக்கு, பழைய பிரட்டுக்களத்துக்கு அது போவதில்லை. நம் மக்கள் வாழ்ந்த இடமெல்லாம் சாலையிலிருந்து இரண்டு மூன்று மைல் உள்ளே.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. பெயரைச் சொல்லிப் பாருங்கள், தமிழ் காதில் விழும். மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வணிக அளவில் நடப்பட்டது அங்கேதான், 1917இல். நடவைத்த பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோகோனியே பின்னாளில் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அவர் பெயரும் முகமும் நமக்குக் கிடைக்கின்றன. குழி தோண்டிக் கன்றை இறக்கியவர்களின் பெயர்? அந்தக் காலத்து அஞ்சலட்டைப் படங்களில் பால்மரத்தடியில் வாளியோடு நிற்கும் நம் பாட்டிமார்களுக்குக் கீழே ‘தமிழ்க் கூலிகள்’ என்று இரண்டே சொல். ஆளுக்கு ஒரு பெயர் இருந்தது. எழுதத்தான் யாருமில்லை. நூறு ஆண்டுக்குப் பிறகு கேமரா நம் கைக்கு வந்துவிட்டது. பெயர் எழுதாத வழக்கம் மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் தோட்டத்துத் திருமணப் படம் ஒன்றில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். பின்புறம் வெள்ளையாக இருக்கிறது. அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஆளான என் பெரியம்மாவும் இப்போது இல்லை.

‘அன்றும் இன்றும்’ படங்களைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. இடதுபக்கம் பால்மரக்காடு, வலதுபக்கம் ரயில் நிலையம். பார்த்தவுடன் மனம் இளகுகிறது, பெருமூச்சு வருகிறது, அதோடு முடிந்தது. மழை பெய்தால் புல் முளைப்பதுபோல அந்த மாற்றம் தானாக நடந்ததாகத் தோன்றிவிடுகிறது. தோட்டம் தானாக நகரமாவதில்லை. நிலத்தை ஒருவர் விற்கிறார், ஒருவர் வாங்குகிறார், ஒரு கோப்பில் கையெழுத்து விழுகிறது, லயத்து வாசலுக்கு ஒரு கடிதம் வருகிறது. கோலா சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத்து மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை எந்த இரட்டைப் படம் சொல்லும்? சொல்ல வேண்டியது அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் கிடக்கிறது.

அப்படியானால் படமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் சன்செட் சாலையில் ‘சன்செட் ஸ்ட்ரிப்’ எனப்படும் பகுதியின் இருபுறக் கட்டடங்களையும் ஒன்றுவிடாமல் படமெடுத்து, விரித்தால் சுமார் 25 அடி நீளும் ஒரே தாளாகப் புத்தகம் போட்டார். உணர்ச்சி இல்லாத படங்கள். ஆனால் கட்டடங்களுக்குக் கீழே கதவிலக்கத்தை அச்சிட்டிருந்தார். அதனால் எந்தக் கட்டடம் எங்கே நின்றது என்று இன்றும் தேடிப் பிடிக்க முடிகிறது. சுங்கை பூலோ செடிக்கடைச் சாலையை அப்படி ஒருவர் எடுத்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் நமக்குக் கதவிலக்கம் போதாது. கடைக்காரர் பெயரும், அவர் அப்பா அந்தக் குடியிருப்புக்கு வந்த கதையும் வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும்; நோயின் பெயரால் அவமதிக்கப்பட்ட மனிதர்களிடம் கேமராவை நீட்டுவதற்கு முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் படங்கள் இருக்கும். இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், எந்த டிவிசன், எந்த ஆண்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதி வையுங்கள்.