முத்திரையோடு பெயரையும் பார்!

ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிமாநிலத்துக்கு உதிரிப் பாகங்களை ஏற்றிப் புறப்படும் லாரியைப் பாருங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ‘இ-வே பில்’ வேண்டும். பெரிய ஆலைகளில் கணக்கு நிரலே இணையத்தின் வழியாக அரசுக் கணிப்பொறியிடம் கேட்டு அதைப் பெற முடியும். பிரௌசரில் நாம் வேலை செய்கையில், எதிர்முனையின் சான்றிதழ் சரியில்லை என்றால் எச்சரிக்கை தோன்றும், நிறுத்திவிடுவோம். ஆளில்லாமல் ஓடும் நிரல் என்ன செய்யும்?

இதை ஆராய்கிறது, டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறுவர் 2012-இல் வெளியிட்ட ‘உலகிலேயே மிக ஆபத்தான நிரல்’ என்னும் ஆய்வுரை. தலைப்பில் மிகை இருக்கலாம், உள்ளே இல்லை.

ஆலையின் வாயிற்காவலர் இரண்டைப் பார்க்கிறார். கேட் பாஸில் உள்ள முத்திரை அசலா? அதிலுள்ள பெயர் வந்தவருடையதா? முத்திரையை மட்டும் பார்த்தால், எவருடைய பாஸைக் காட்டியும் எவரும் நுழையலாம். இணையச் சான்றிதழும் இத்தகையதே. செய்தியை எவ்வளவு பலமாகப் பூட்டி அனுப்பினாலும், பெயரைப் பார்க்காவிட்டால் பெட்டியைச் சாவியோடு திருடனிடம் கொடுத்தது போலாகும்.

ஆய்வுரையின் சிறந்த பகுதி ‘கர்ள்’ என்னும் கருவியைப் பற்றியது. நிரல்கள் இணையத்தோடு பேச உதவும் கருவி இது. இதில் பெயர்ச் சோதனைக்கு 0, 1, 2 என மூன்று நிலைகள் இருந்தன. 0 என்றால் சோதனையே இல்லை. 1 என்றால் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதும். 2 என்றால் பெயர் பொருந்த வேண்டும். அமேசானின் பணம் செலுத்தும் சேவைக்கான பி.எச்.பி. நிரலை எழுதியவர்கள் ‘ட்ரூ’, அதாவது ‘ஆம், சோதிக்கவும்’ என்று குறித்தார்கள். கணிப்பொறிக்கோ ‘ட்ரூ’ என்றால் 1! இயல்பாகவே 2 ஆக இருந்த காவல், பலப்படுத்தப் போய்த் தளர்ந்துவிட்டது. நிரல் எழுதியவரை மட்டும் பழிக்காமல், கருவியை அமைத்தவரையும் கேள்வி கேட்பதே இவ்வுரையின் நேர்மை. அவ்வாண்டு நவம்பரிலேயே கர்ள், 1 என்பதை ஏற்க மறுக்கத் தொடங்கியது.

ஒரு வரம்பும் உண்டு. முத்திரையிடுபவர் தவறமாட்டார் என்று வைத்துக்கொண்டே அறுவரும் எழுதுகிறார்கள். ஆனால் 2014 ஜூலையில், நம் நாட்டுத் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்தது தெரியவந்தது. முத்திரையும் சரி, பெயரும் சரி. ஆள் மட்டும் வேறு! அதற்கு இவ்வுரையில் மருந்தில்லை.

ஆயினும் நிரல் எழுதக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் இதைப் படிக்க வேண்டும். சோதனைக்காக நீங்கள் எழுதும் ‘வெரிஃபை = ஃபால்ஸ்’ என்னும் ஒரு வரி, ஆலைக்குள் போனபின் யார் கண்ணிலும் படாது. வேலை நடக்கும், பில் வரும், யாரிடமிருந்து வந்தது என்பதுதான் தெரியாது. பிழைச் செய்தி வந்தால் காவலரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; பாஸில் என்ன குறை என்று பாருங்கள்.