தகுதி என்ற சொல்லும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும்

அம்பத்தூரில் நண்பர்கள் கூடிப் பேசுகிற ஒரு சின்னக் கூட்டம். பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். அன்றைக்கு இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு. தகுதி, திறமை என்று சாதி இந்துக்கள் போடுகிற கூச்சலைத் தோழர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யார் தகுதியை யார் அளப்பது, அளவுகோலைச் செய்தவன் யார் என்றெல்லாம் நல்ல கேள்விகள். பிறகு டீ வந்தது. டீயோடு பேச்சு உதவித்தொகைப் பக்கம் திரும்பியது. 2025இல் ஆந்திராவில் ஊனமுற்றோர் சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்து, பல்லாயிரம் பேருக்கு நோட்டீஸ் அனுப்பியதைப் பற்றி ஒருவர் சொன்னார். இங்கேயும் அப்படி வரும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றார். அப்போது ஒரு சட்டக் கல்லூரி மாணவர் கேட்டார்:

"தகுதி இல்லாதவங்கள எடுக்குறதுல இன்னா தப்பு தோழர்? போலிங்க போனாத்தான நெஜமானவங்களுக்குக் கெடைக்கும்?"

யாரும் மறுக்கவில்லை. நானும்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே சொல்லைச் செருப்பால் அடித்த வாய்கள், பிஸ்கட் மென்றுகொண்டு தலையாட்டின. அந்தக் கூட்டத்தில் ஊனமுற்ற ஒருவர்கூட இல்லை. மாடிப்படி இருபத்திரண்டு. எப்படி இருப்பார்கள்?

அங்கே வாய் மூடி வந்ததற்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த உரிமைகூட முழுசாகக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்குப் போலியோ. வலது கால் இழுத்தபடி, அக்குளில் கட்டையோடு நடப்பாள். ஆவடிப் பக்கம் இருக்கிறாள். ரப்பர் கம்பெனிகளிலிருந்து வீட்டுக்கு மூட்டை கொண்டுவந்து போடுவார்களே, அந்த கேஸ்கட்டுகளுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. கிலோ கணக்குக் கூலி. 2014 வாக்கில் தமிழ்நாட்டில் முதியோர், விதவை, ஊனமுற்றோர் பட்டியல்களில் 'தகுதியற்றோர்' என்று பெயர்களை நீக்கினார்களே, அப்போது அவள் பெயரும் போனது. ஒரு கடிதம் வரவில்லை. பணம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாசம் லேட்டாகுது என்று நினைத்தாள். மூன்றாம் மாசம் கட்டையை ஊன்றிக்கொண்டு அலுவலகம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் அதே மேசை, அதே ஃபேன், அதே பதில்தான்.

காரணம் நான்.

ரேஷன் கார்டில் அவளோடு என் பெயரும் இருந்தது. சம்பாதிக்கிற ஆண் வீட்டில் இருக்கிறான், ஆகவே அவள் 'ஆதரவற்றவர்' இல்லை. அப்போது நான் கல்யாணமாகி பூந்தமல்லியில் வாடகை வீட்டில் இருந்தேன். அவளுக்கு மாசம் நானூறோ ஐந்நூறோ கொடுப்பேன், சில மாசம் அதுவும் இல்லை. "உன் பேரு இருந்ததாலதான்டா என் பேரு போச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைப் போலச் சொன்னாள். பிறகு கார்டிலிருந்து என் பெயரை எடுத்தோம். அக்கா தம்பி இல்லை என்று காகிதத்தில் ஆன பிறகு, பதினாலு மனு, பதினாலு மாசம் கழித்து, அவள் மறுபடியும் தகுதியானாள். அந்தப் பதினாலு மாசப் பணம் வரவே இல்லை.

இதில் யார் போலி? தோழர் கேட்ட கேள்விக்கு என் வீட்டில் இருக்கிற பதில் இதுதான். அரசாங்கத்தின் கணக்கில் அக்கா போலி. அவள் கால் போலி இல்லை, பசி போலி இல்லை, தம்பிதான் போலி. ஆனால் பட்டியலில் நீங்கியது அவள் பெயர். ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. சான்றிதழை விற்கிற புரோக்கர் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான். ஆனால் அவனைப் பிடிக்கிறேன் என்று வீசுகிற வலையில் முதலில் மாட்டுவது அவன் இல்லை. ஓட முடியாதவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

வெட்டு என்றால் 1,500ஐ 1,000 ஆக்குவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த அரசும் அப்படி ஆணை போடாது. போட்டால் ஓட்டு போய்விடும். வெட்டு வேறு வழிகளில் வருகிறது. ஒன்று, பெயரை எடுப்பது. இன்னொன்று, எதையும் செய்யாமல் சும்மா இருப்பது. இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2009இல் ஒன்றிய அரசு இந்திரா காந்தி பெயரில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது. தன் பங்காக மாசம் 200 கொடுத்தது. 2012இல் அதை 300 ஆக்கியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அதே 300தான். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011இல் உதவித்தொகையை 500இலிருந்து 1,000 ஆக்கினார்கள். 2022 டிசம்பர் வரை அசையவில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் அரிசி, பஸ், வாடகை எதுவும் சும்மா நிற்கவில்லை. 2023 ஜனவரியில் 1,500 ஆயிற்று. அதே வருஷம் முதியோருக்கு 1,200.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற தொகையைவிட ஊனமுற்றோருக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1,200இல் 25 சதவீதம் 300. கூட்டினால் 1,500. ஒரு ரூபாய் கூட இல்லை, குறைவும் இல்லை. சட்டம் 'குறைந்தது' என்று வைத்த கோட்டில் தராசு முள் நிற்பது மாதிரி நின்றிருக்கிறார்கள். அதைக் 'கருணை' என்று போஸ்டர் அடித்து ஒட்டினார்கள்.

இங்கிலாந்தில் 2025இல் நடந்ததை நம்மவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே ஆட்சியில் இருந்த தொழிற்கட்சியே, ஊனமுற்றோருக்கான தொகைக்குத் தகுதிப் புள்ளிகளை இறுக்கப் போகிறேன் என்று மார்ச்சில் அறிவித்தது. ஊனமுற்றோர் தெருவுக்கு வந்தார்கள். சொந்தக் கட்சி உறுப்பினர்களே கலகம் செய்தார்கள். ஜூலையில் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து எடுத்தார்கள். புதிதாக வருகிற நோயாளிகளுக்கான தொகையைக் குறைத்ததை மட்டும் நிறைவேற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் உறைத்தது ஒன்றுதான். அங்கே வெட்ட ஒரு மசோதா தேவைப்பட்டது. மசோதா இருந்தால் எதிர்க்க ஓர் இடம் இருக்கிறது. இங்கே ஒரு லிஸ்டில் ஒரு வரியை அழித்தால் போதும். ஆந்திராவிலும் நோட்டீஸ் என்று ஒரு காகிதம் கைக்கு வந்ததால்தான் ஜனங்கள் கொதித்தார்கள். பிறகு மேல்முறையீடு செய்கிறவர்களுக்குத் தொகை தொடரும் என்று அரசு இறங்கி வந்தது. அக்காவுக்கு அந்தக் காகிதம்கூட வரவில்லை.

சதவீதக் கணக்குக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் 1960களில் வந்தது. அதைச் சுற்றியிருக்கிற நம் சேரிகளில் விரல் குறைந்த கைகளைத் தேட வேண்டியதில்லை. பவர் பிரஸ் தின்ற விரல்கள் அவை. என் அத்தை மகனுக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. காண்ட்ராக்ட் ஆள், இ.எஸ்.ஐ. கிடையாது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை மூன்று விரலுக்கு 30 சதவீதம் என்றது. அதாவது, சம்பாதிக்கிற சக்தியில் 30 சதவீதம் போயிற்றாம். அந்தக் கையைப் பார்த்த எந்த மேஸ்திரியும் அவனை மறுபடி பிரஸ்ஸில் நிற்க வைக்கவில்லை. அவனுக்குப் போனது நூறு. ஊனச் சான்றிதழ் வாங்கப் போனால், அங்கேயும் நாற்பதைத் தொடவில்லை. நாற்பதுக்குக் கீழே என்றால் சட்டத்தின் கதவு பாதிதான் திறக்கும். 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி அடையாள அட்டைக்கு நிறம் பிரித்தார்கள். நாற்பதுக்குக் கீழே வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், எண்பதுக்கு மேல் நீலம். உடம்புக்கு வர்ணம் பிரிக்கிறவர்களை நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டுமா?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம் பேர் ஊனமுற்றோர். பழங்குடியும் பட்டியல் சாதியும் அல்லாதோரில் 2.18. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆட்களாக எண்ணினால் லட்சக்கணக்கு. கடவுள் நம்மேல் தனியாகக் கோபம் கொள்ளவில்லை. பிரஸ்ஸில், செங்கல் சூளையில், சாக்கடையில் யார் நிற்கிறார்கள் என்பதன் கணக்கு அது. மலக்குழியில் செத்தவர்களைப் பற்றி நாம் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் செத்துப்போகாமல் கண் போய், நுரையீரல் போய் வீட்டில் கிடக்கிறவரை யார் எழுதினோம்? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாவுக்கு 30 லட்சம் என்று சொன்ன அதே தீர்ப்பில், பிழைக்க வழியில்லாமல் நிரந்தர ஊனமானால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை நாம் மேடைதோறும் பேசினோம். இரண்டாம் பாதியைப் பேசவில்லை.

இலக்கியத்துக்கு வருவோம், இது இலக்கியப் பத்திரிகை. நம் கவிதைகளைப் புரட்டினால் குருட்டு நீதி, ஊமைச் சனம், முடமான சட்டம் என்று வரிக்கு வரி கிடைக்கும். 1920இல் அம்பேத்கர் நடத்திய முதல் பத்திரிகைக்கே ஊமைகளின் தலைவன் என்றுதான் பெயர். காலம் அப்படி, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. 'தலித்' என்றாலே உடைக்கப்பட்டவர்தான். உடைந்ததை உவமையாக எடுத்துக்கொண்டோம், உடைந்த உடம்புக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டோம். இப்படி எழுதுகிற நான், ஒரு கவிதையில் 'நொண்டிச் சட்டம்' என்று எழுதி, வீட்டில் உரக்க வாசித்தும் காட்டினேன். அக்கா பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "நொண்டி எங்கயாச்சும் உன்ன அடிச்சாளாடா?" என்றாள். அந்தக் கவிதை அச்சாகிவிட்டது. திரும்ப எடுக்க முடியாது.

பெயர் விஷயத்தில் மட்டும் நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. நம்மை 'ஹரிஜன்' என்றார்கள், கடவுளின் பிள்ளைகளாம். கோயிலுக்குள் விடவில்லை. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசி, ஊனமுற்றோருக்கு 'திவ்யாங்' என்று பெயர் வைத்தார், தெய்வீக அங்கமாம். மாசத் தொகை 300 அப்படியே நின்றது. தமிழ்நாட்டில் 2010இல் 'மாற்றுத்திறனாளி' வந்தது. கேவலப்படுத்தாத சொல் என்பதால் சங்கங்கள் அதை எடுத்துக்கொண்டன, எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் அக்காவிடம் அதைச் சொன்னபோது, "இன்னா மாத்துத் திறன் கீது எனக்கு? பஸ்ஸுல ஏற வுடச் சொல்லு, அப்புறம் பேரு வெக்கச் சொல்லு" என்றாள். நான் இந்தக் கட்டுரையில் 'ஊனமுற்றோர்' என்றே எழுதியிருப்பது அவள் அப்படிச் சொல்லிக்கொள்வதால்தான். வேறு பெயரில் தங்களை அழைத்துக்கொள்கிறவர்களை அப்படியே அழைக்க வேண்டும்.

இனி அந்தப் பயத்தைப் பற்றி. இப்போது பணம் கைரேகையில் வருகிறது. மெஷினோடு ஒரு பெண் தெருவுக்கு வருவார். பிசிறு வெட்டி வெட்டி அக்காவின் விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது. நாலு விரலை மாற்றி வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, ஐந்தாவதாகக் கட்டை விரலில் விழும். அந்த நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குஷ்டம் வந்து விரல் மழுங்கியவர்களின் நிலைமை என்ன? முகம் சிதைந்தவர்களும் பார்வையில்லாதவர்களும் டிஜிட்டல் அடையாளச் சோதனையில் தோற்கிறார்கள் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய், அது வாழ்வுரிமை சம்பந்தப்பட்டது என்று தீர்ப்பு வந்திருக்கிறது. தீர்ப்பு தெருவுக்கு வந்து சேர எத்தனை மாசமாகுமோ. ஒவ்வொரு மாசமும் தான் தானே என்று நிரூபிக்க வேண்டியவளுக்கு, 'மறு ஆய்வு' என்ற சொல் காதில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அந்த மாணவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் வாசலில் நின்றவர்தான் அவரும். அப்பாவுக்கு அப்பா யார் என்று கேட்டிருப்பார்கள். நெஜமாகவே நீ அந்தச் சாதிதானா என்று ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். அக்காவின் காலை அப்படித்தான் பார்க்கிறார்கள். நடந்து காட்டச் சொல்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தை மாடியில் வைக்கவில்லை. கொரட்டூரில் ஒரு தோழர் வீட்டுத் திண்ணை, ஒரு படிதான். அக்கா வருகிறேன் என்றிருக்கிறாள், அந்த மாணவரும் வருவார். பேசுவதற்கு முன்னால் தன்னுடைய அந்தப் பதினாலு மனுவின் நகலும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது.